வாய் உருண்ட கத்தி: ஒரு கொக்கிக் கத்தியை வீட்டிலேயே மீட்ட விவரம்

பக்கத்து வீட்டில் பூவரச மரத்தைக் கழித்தார்கள். கரண்டி செதுக்கலாம் என்று மணிக்கட்டுப் பருமனில் ஒரு கிளையைக் கேட்டு வாங்கி வந்தேன். பச்சை மரம் என்பதால் கோடரி இறங்கியதும் பிளந்தது. நேர்கத்தியால் காம்பைச் சீவும்வரை எல்லாம் சுகமாகப் போனது. கரண்டியின் குழியைத் தோண்டத் தொடங்கியபோதுதான், குழி சீவுவதற்கென்றே நுனி வளைந்திருக்கும் கொக்கிக் கத்தி மரத்தைப் பிடிக்காமல் வழுக்கியது. மணிக்கட்டை நன்றாகத் திருப்பினால் சட்டென்று கடித்து ஆழமாக இறங்கி, நாரைப் பிய்த்துக்கொண்டு வந்தது. குழியின் அடி முழுக்கச் சிலும்பு.

கத்தி மொண்ணையாகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்து முழங்கையின் கீழ் வைத்துப் பார்த்தேன். முடி சுத்தமாக வந்தது. தாளை வெட்டினேன், கிழியாமல் அறுபட்டது. முடியை மழிக்கும் கத்தி பச்சைப் பூவரசைச் சீவ மறுக்கிறது. இந்த முரண்பாடு புரியாமல் மூன்று வாரம் தவறான இடத்திலேயே வைத்தியம் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று வாரத்தில் கத்தியின் நிலை மோசமானதே தவிர சரியாகவில்லை. கொக்கிக் கத்தி வைத்திருக்கும் பலருக்கும் இது நேரக்கூடியது என்பதால் முழு விவரத்தையும் எழுதுகிறேன்.

கத்தியும் அது வேலை செய்யும் விதமும்

ஸ்வீடனின் மோராவில் செய்யப்படும், 164 என்ற எண்ணுள்ள கத்தி இது. துருப்பிடிக்காத எஃகு. அலகு கைப்பிடியிலிருந்து கொஞ்ச தூரம் ஏறக்குறைய நேராகப் போகும். அப்புறம் வளையத் தொடங்கி நுனியில் இறுக்கமாகச் சுருண்டு நிற்கும். ஒரு பக்கம் மட்டும்தான் வாய், அதாவது வெட்டும் விளிம்பு. வளைவின் உட்பக்கம் ஒரே மட்டமாக இருக்கும். வெளிப்பக்கத்தில் வாயை ஒட்டி ஒரு சரிவு இறங்கும், ஒரு நெல்மணியின் அகலத்துக்கு. இந்தக் கட்டுரையில் அதைப் பட்டை என்றே சொல்கிறேன்.

அந்தப் பட்டைதான் இந்தக் கத்திக்கு உயிர். குழியைச் சீவும்போது மரத்தின் மேல் உட்கார்ந்து போவது அதுதான். இழைப்புளிக்கு அடிக்கட்டை எப்படியோ, கொக்கிக் கத்திக்குப் பட்டை அப்படி. பட்டை மரத்தில் படிந்திருக்க, அதன் முன்விளிம்பான வாய் மெல்லிய சுருளை எடுத்துக்கொண்டு போகும். ஆழத்தைக் கட்டுப்படுத்துவதும் பட்டைதான். அது சமமாக இருந்தால் கை கத்தியை நடத்தினால் போதும், அழுத்த வேண்டியதில்லை.

வாங்கிய புதிதில் வேம்பிலும் மாமரத்திலும் பன்னிரண்டு கரண்டி செய்தேன். வேம்பின் நார் மாறி மாறி ஓடும், ஒரே குழிக்குள் நான்கு முறை திசை மாற்றிச் சீவ வேண்டியிருக்கும். அதையும் இந்தக் கத்தி தாங்கியது. பதின்மூன்றாவதாக ஒரு தச்சுப் பட்டறையில் கழித்துப்போட்ட தேக்குத் துண்டை எடுத்தேன். பல வருடம் காய்ந்தது. தேக்கின் திசுக்களில் சிலிக்கா இருக்கிறது, நுண்ணிய மணல் மாதிரி. தேக்கை அறுக்கும் ரம்பமும் இழைக்கும் உளியும் சீக்கிரம் கூர் இழப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பச்சை மரத்துக்கென்று செய்யப்பட்ட மெல்லிய வளைந்த அலகை அதில் இறக்கியதுதான் முதல் தவறு. அரைக் கரண்டி முடிவதற்குள் கத்தி இழுபட்டது.

இரண்டாவது தவறு பெரியது. பழைய தோல் பையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, உருண்டையான கம்பில் சுற்றி ஒட்டி, பச்சை நிறப் பாலிஷ் கட்டியைத் தேய்த்துத் தோல்வார் ஒன்று தயார் செய்தேன். தோல் தடிப்பானது, மெத்தென்று இருந்தது. கத்தி இழுபட்டபோதெல்லாம் அதில் தீட்டினேன், அழுத்தித் தீட்டினேன். நூறு முறை, இருநூறு முறை. பட்டை கண்ணாடி மாதிரி மின்னியது. மின்னுவதைப் பார்த்துக் கூர் ஏறிவிட்டது என்று நம்பினேன். நடுவில் ஒருநாள் சமையலறைச் சாணைக்கல்லிலும் கத்தியை உருட்டி உருட்டித் தேய்த்தேன்.

சாணைக்காரர் சொன்னது

எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை சைக்கிள் சாணைக்காரர் வருவார். அரிவாள்மனை, கத்தரிக்கோல், தேங்காய் உடைக்கும் வெட்டுக்கத்தி எல்லாம் அவரிடம்தான் போகும். கொக்கிக் கத்தியைக் காட்டினேன். வாங்கிய உடனே சக்கரத்தில் வைக்கவில்லை. வெயிலுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாயின் நீளத்துக்குப் பார்த்தார்.

“கூரு இருக்குது கண்ணு. வாய்தான் உருண்டு போச்சு.”

“சக்கரத்துல ஒரு பிடி பிடிச்சுக் குடுங்கண்ணா.”

“வெளிப்பக்கம் வேணும்னா தொடலாம். இது மெல்லிசு, சட்டுனு சூடேறிப் போயிரும். வாய் நீலம் பாய்ஞ்சுதுன்னா அப்பறம் எத்தனை தீட்டுனாலும் கூரு நிக்காது. கையில உக்காந்து நிதானமாப் பண்ணு கண்ணு, ஆயிரும்.”

காசு வாங்கவில்லை. ஒரு வேலையை எடுத்து ஐம்பது ரூபாய் வாங்கியிருக்கலாம், வேண்டாம் என்று சொல்லிக் காரணத்தையும் சொல்லிவிட்டுப் போனார். நோயின் பெயரை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

வாய் உருண்டுபோவது என்றால் என்ன? பட்டையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அது ஒரு நேர்கோடாக இருக்க வேண்டும். தோல்வார் மெத்தென்று இருந்தால், கத்தியை அழுத்தும்போது தோல் அமுங்கும். வாய் கடந்துபோகும் கணத்தில் அமுங்கிய தோல் மேலே எழும்பி வாயின் ஓரத்தைச் சுற்றித் தழுவும். அந்த ஓரம் மட்டும் செங்குத்தான கோணத்தில் தேயும். ஒருமுறை செய்தால் தெரியாது. ஆயிரம் முறை செய்தால் நேர்கோடு வில்லாகிவிடும். விளிம்பு கூராகவேதான் இருக்கும், ஆனால் அந்தக் கூர் இரண்டு தடித்த பக்கங்கள் சந்திக்கும் கூர். மழிக்க அது போதும். மரத்தில் நிலைமை வேறு. பட்டையைப் படியவைத்தால் அதன் வயிறுதான் மரத்தைத் தொடுகிறது, வாய் அந்தரத்தில் நிற்கிறது. வாயை இறக்க மணிக்கட்டைத் திருப்பினால் பட்டையின் பிடிமானம் போய்விடுகிறது, கத்தி குத்திக்கொண்டு இறங்குகிறது. வழுக்கலும் சிலும்பும் சேர்ந்து வந்ததற்கு இதுதான் விளக்கம்.

மையை வைத்துச் சோதித்தது

சாணைக்காரரின் கண் எனக்கு இல்லை. அதனால் அவர் சொன்னதை மையை வைத்து உறுதிசெய்தேன். பட்டை முழுவதும் கறுப்பு மார்க்கரால் பூசினேன். இரும்பு ஸ்கேல் ஒன்றின் மேல் நுண்ணிய வாட்டர் பேப்பரை டபுள் சைடு டேப்பால் ஒட்டி, பட்டையின் மேல் வைத்து லேசாக நான்கு முறை நகர்த்தினேன். நல்ல பட்டையாக இருந்தால் ஸ்கேல் அதன் மேல் சிக்கென்று உட்காரும், விரலுக்கே தெரியும். இது பட்டையின் மேல் தள்ளாடியது.

பூதக்கண்ணாடியில் பார்த்தபோது பட்டையின் நடுவில் மட்டும் மை போயிருந்தது. வாயை ஒட்டி நூல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு அழியாமல் நின்றது. பட்டையின் பின்பக்கத்திலும் இன்னொரு கோடு. வளைவின் நடுவில் இரண்டு இடத்தில் சின்னச் சின்ன தட்டை முகங்களும் தெரிந்தன. சமையலறைச் சாணைக்கல்லின் வேலை அது.

நேர்கத்தியைக் கல்லில் வைத்து ஒரு கோணம் பிடித்தால் அதே கோணத்தில் முழு நீளத்தையும் இழுத்துவிடலாம். தச்சர்களின் குழிந்த உளியையும் கல்லின் மேல் சீராக உருட்டித் தீட்ட முடியும், அதன் வளைவு எங்கும் ஒன்றுதான். கொக்கிக் கத்தியின் வளைவு ஒவ்வொரு அங்குலத்திலும் மாறுகிறது. அதைத் தட்டைக் கல்லின் மேல் நடத்த முயன்றால் கை எங்கே தயங்குகிறதோ அங்கே ஒரு தட்டை முகம் விழும். ஆகவே கத்தி அசையக் கூடாது, கல்தான் கத்தியிடம் போக வேண்டும். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் பழைய அரங்களை அடித்து வளைத்துச் செய்த வளைகத்திகள் இருக்கின்றன, தோணியின் விலாச்சட்டங்களைச் சீவுவதற்கும் அவற்றையே பயன்படுத்தினார்கள். அந்த மாதிரிக் கத்திகளை இன்று வைத்திருக்கும் செதுக்குநர்களும் பெரும்பாலும் குச்சியில் தாளை ஒட்டி அலகின் மேல் நகர்த்தித்தான் தீட்டுகிறார்கள்.

தாள், குச்சி, நேரம்

வன்பொருள் கடையில் உப்புத்தாள் என்று கேட்டால் மரத்துக்கான பழுப்புத் தாளைக் கொடுப்பார்கள். அது வேண்டாம். கார் பெயின்ட் அடிப்பவர்கள் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு வாட்டர் பேப்பர்தான் வேண்டும். அதன் துகள் சிலிக்கன் கார்பைடு. 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் செயற்கை வைரம் செய்யப் பார்த்து, களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் சூடாக்கியபோது தற்செயலாகக் கிடைத்த பொருள் அது. மோராக் கத்திக் கம்பெனியின் தொடக்கமும் அதே 1891 என்று அறிந்தபோது எனக்கு ஏனோ ஒரு சந்தோஷம்.

நான் எடுத்தவை பி400, பி800, பி1500, பி2500 ஆகிய நான்கு தாள்கள். பி400-இன் துகள் சுமார் 35 மைக்ரான், பி800 சுமார் 22, பி1500 சுமார் 12.6, பி2500 சுமார் 8.4. வழக்கமான தீட்டலுக்கு பி400 பக்கமே போகக் கூடாது, அது எஃகைத் தின்றுவிடும். இங்கே எஃகைத் தின்ன வைப்பதுதான் நோக்கம். பட்டையின் வயிற்றைக் குறைத்தால்தான் அது மறுபடி நேர்கோடாகும்.

மரக் குச்சியைவிட இரும்பு ஸ்கேலோ தடித்த அக்ரிலிக் துண்டோ மேல். அடியில் இருப்பது கொஞ்சமும் அமுங்கக் கூடாது. தோல்வாரில் செய்த பிழையைத் தாளிலும் செய்துவிடலாம், நுரைப்பஞ்சு வைத்த தடித்த டேப்பால் ஒட்டினால் அதுவே போதும். மெல்லிய டேப்தான் சரி.

கத்தியின் கைப்பிடியைத் துணியில் சுற்றி, மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். வாய் என்னைப் பார்க்காமல், வெளிப்பட்டை மேலே தெரியும்படி வைத்தேன். நுனி மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், அதில்தான் விரல் போய் மாட்டும். அதன் மேல் மூன்று சுற்று டேப் ஒட்டினேன். ஸ்கேலைப் பிடிக்கும் விரல்கள் ஸ்கேலின் மேல்பக்கத்தில் இருக்க வேண்டும், ஓரத்தைத் தாண்டி வரக் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். பாதி தீட்டிய கத்தியை மேசையில் விட்டுவிட்டுக் கதவு திறக்க எழுந்து போவதுதான் மிக ஆபத்தான நேரம்.

பி400-ஐ மட்டும் பட்டையின் நீளவாக்கில் முன்னும் பின்னும் நகர்த்தினேன். முதலில் ஸ்கேலைப் பட்டையின் பின்விளிம்பில் சாய்த்து, மெதுவாக வாயை நோக்கி இறக்கி, தள்ளாட்டம் இரு பக்கமும் சமமாக இருக்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டேன். பத்துப் பதினைந்து முறை நகர்த்தியதும் மை பூசிப் பார்ப்பேன். நடுவில் சுத்தமான பகுதி கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகிக்கொண்டு வந்தது. வாயின் கறுப்புக் கோடு நூலிலிருந்து மயிரிழையானது. இருபது நிமிடத்துக்குப் பிறகும் கோடு போகாதபோது கைக்கு ஒரு ஆசை வரும், ஸ்கேலை லேசாகத் தூக்கினால் கோடு உடனே அழிந்துவிடுமே என்று. அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால் கத்தி மறுபடி பழைய நோய்க்கே திரும்பிவிடும். நான் ஒருமுறை கொடுத்தேன், பத்து நிமிட வேலை வீணானது. மையை மறுபடி பூசி, கோணத்தை இறக்கி, அங்கிருந்து தொடர்ந்தேன்.

முழு வளைவிலும் கோடு மறைய ஒரு மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது. கோடு மறைந்த இடத்தில் உட்பக்கமாகப் பிசிறு எழும்பும். கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலின் சதையை உட்பக்கத்திலிருந்து வாயைத் தாண்டி வெளியே, குறுக்காக மட்டும் நகர்த்தினால் சொரசொரக்கும். வாயின் நீளத்துக்கு விரலை ஓட்டவே கூடாது. விரல் வேண்டாம் என்றால் பஞ்சை இழுத்துப் பாருங்கள், பிசிறு இருக்கும் இடத்தில் இழை மாட்டும். பட்டையின் முழு நீளத்திலும் பஞ்சு மாட்டும்வரை அடுத்த தாளுக்குப் போகவில்லை. இந்த ஒரு கட்டத்தில் பொறுமை இருந்தால் மற்றதெல்லாம் எளிது.

பி800-ஐக் கொஞ்சம் சாய்வாகவும், பி1500-ஐ எதிர்ச்சாய்வாகவும் நகர்த்தினேன். திசையை மாற்றினால் முந்தைய தாளின் கீறல் மிச்சமிருக்கிறதா என்று வெளிச்சத்தில் உடனே தெரியும். பி2500 மட்டும் கத்தியின் முதுகிலிருந்து வாயை நோக்கிப் போய் வெளியேறும் அசைவு. எதிர்த்திசையில் போனால் வாய் தாளைக் கிழித்துவிடும். வெளியேறும்போது ஸ்கேல் வாயைச் சுற்றிக் கவிழாமல் நேராகவே விலக வேண்டும். மூன்று தாளுக்கும் சேர்த்து அரை மணி நேரம்தான்.

இனி உட்பக்கம். அங்கே செய்ய வேண்டியது பிசிறை எடுப்பது மட்டுமே. பி2500 தாளை வளைவைவிடச் சிறிய உருண்டைக் கம்பில் சுற்றி, உட்பரப்பில் முழுக்கப் படியவைத்து நான்கைந்து முறை நகர்த்தினேன். நுனியின் இறுக்கமான வளைவுக்கு அந்தக் கம்பு பெரிதாக இருந்தது, பென்சிலில் சுற்றிக்கொண்டேன். கம்பைத் தூக்கிப் பிடித்தால் உட்பக்கத்தில் ஒரு புதிய சரிவு விழுந்து வாய் மறுபடி தடிக்கும்.

கடைசியில் பாலிஷ். தோல்வாரைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இழைத்த தட்டையான மரத்துண்டு ஒன்றிலும் வெறும் மரக்கம்பு ஒன்றிலும் அதே பச்சைக் கட்டியை நேரடியாகத் தேய்த்தேன். அதில் இருக்கும் குரோமியம் ஆக்சைடு வேலை செய்யத் தோல் தேவையில்லை. மரம் அமுங்காது, அதனால் வாயும் உருளாது. வெளிப்பக்கம் மரத்துண்டில் இருபது முறை, உட்பக்கம் கம்பில் பத்து முறை, கத்தியின் எடையளவு அழுத்தத்தில்.

மரத்தில் பார்த்தது

அதே பூவரசுத் துண்டை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தேன். பட்டையைப் படியவைத்து, மணிக்கட்டைத் திருப்பாமல் நகர்த்தினேன். வைத்த இடத்திலேயே பிடித்தது. நாருக்குக் குறுக்காகக் குழியின் அடியைச் சீவியபோது பிசிறில்லாமல், மெழுகு பூசிய மாதிரி பளபளப்பு வந்தது. ஒரே ஒரு வெள்ளைக் கீற்று மட்டும் ஒவ்வொரு சீவலிலும் அதே இடத்தில் விழுந்தது. வாயில் ஒரு நுண்ணிய பல் மிச்சம் என்று அர்த்தம். பி1500-க்குத் திரும்பிப் போய் அதையும் எடுத்தேன்.

முடியை மழித்துப் பார்க்கும் சோதனையை இந்தக் கத்திக்கு நான் விட்டுவிட்டேன். பச்சை மரத்தில் குறுக்குவாட்டுச் சீவல்தான் இப்போது என் சோதனை. அது விளிம்பின் கூரையும் பட்டையின் வடிவத்தையும் ஒன்றாகக் காட்டும்.

அதற்குப் பிறகு ஐந்து மாதத்தில் பதினான்கு கரண்டியும் ஒரு சின்ன உப்புக் கிண்ணமும் செய்திருக்கிறேன். எல்லாம் பச்சை மரம். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த மரத்துண்டில் பத்துத் தீட்டு, மூன்று நான்கு கரண்டிக்கு ஒருமுறை பி2500. பி400-ஐ மறுபடி தொடவில்லை. ஈர மரத்தில் வேலை முடிந்ததும் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறேன். துருப்பிடிக்காத எஃகுதான், ஆனாலும் மரச்சாறு காய்ந்து படிந்தால் அதைச் சுரண்டப்போய் வாய் கெடும்.

மாதம் ஒருமுறை மை பூசிப் பார்க்கிறேன். வளைவின் நடுவில் சாணைக்கல் விட்ட இரண்டு தட்டை முகங்களில் ஒன்று முழுக்க மறைந்துவிட்டது, இன்னொன்றின் தடம் பின்விளிம்பில் மட்டும் தெரிகிறது, வேலையைத் தடுக்கவில்லை. நுனியின் கடைசி ஒரு சென்டிமீட்டரில் மட்டும் வாயை ஒட்டி இன்னும் ஒரு மயிரிழைக் கறுப்பு நிற்கிறது. அதை அன்றைக்கே பி400-இல் எடுத்திருக்கலாம், ஆனால் நுனி மெலிந்துவிடும் என்று விட்டேன். பி2500 போடும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் குறைந்துகொண்டு வருகிறது.